மந்தைக்கு எழுதிவைத்த வெளி

நான் மந்தைவெளியில் பிறந்து வளர்ந்தவள். அந்தப் பெயருக்குள் மாடு இருக்கிறது என்பது நாலாம் வகுப்புக்கு வரும்வரை எனக்குத் தெரியாது. பஸ்ஸில் நடத்துநர் ‘மந்தவெளி’ என்று குரல் கொடுத்தால் இறங்க வேண்டும். எங்காவது தொலைந்துபோனால் போலீஸ்காரரிடம் சொல்ல வேண்டும். அதற்கு மேல் அந்தச் சொல்லில் ஒன்றும் இருப்பதாக நான் நினைத்ததில்லை. தன் பெயருக்கு என்ன பொருள் என்று எந்தக் குழந்தை யோசிக்கிறது?

மயிலாப்பூரில் இருந்த எங்கள் பள்ளியில் ஒரு நாள் தமிழ் டீச்சர் எல்லாரையும் ஒவ்வொருவராக எழுப்பி, அவரவர் குடியிருக்கும் இடத்தின் பெயருக்குப் பொருள் சொல்லச் சொன்னார். மயிலாப்பூர்க்காரிகளுக்கு மயில் கிடைத்தது. சாந்தோம் பெண்ணுக்குப் புனித தோமையாரே கிடைத்தார். அடையாறிலிருந்து வந்தவளுக்கு ஓர் ஆறு. தேனாம்பேட்டைக்காரி தேன் என்று சொல்ல, டீச்சர் அது தென்னையாக இருக்கலாம் என்றார்; எதுவானாலும் அவளுக்குக் குறைவில்லை. என் முறை வந்ததும் நான் விழித்தேன். டீச்சர் அன்பாகத்தான் எடுத்துக்கொடுத்தார். மந்தை என்றால் மாட்டுக்கூட்டம், வெளி என்றால் திறந்த இடம், ஒரு காலத்தில் மாடுகள் மேய்ந்த இடம் என்றார்.

சிக்கல் என்னவென்றால், தினமும் கடைசி மணி அடித்ததும் நாங்கள் வாசலுக்கு ஓடும்போது, மாட்டு மந்தை மாதிரி முட்டிக்கொண்டு போகாதீர்கள் என்று அதட்டுவதும் அதே டீச்சர்தான். வகுப்பு இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டுக்கொண்டது. மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபோது எனக்குப் பின்னாலிருந்து ஒரு ‘ம்மா’ வந்தது. அடுத்த பெஞ்சிலிருந்து இன்னொன்று. சாயங்காலத்துக்குள் என் பெயரே மந்தை ஆகிவிட்டது.

எங்கள் வீடு பறக்கும் ரயில் பாலத்துக்கு இந்தப் பக்கம், கால்வாயை ஒட்டிப் போகும் தெருவில், ஒரு முதல் மாடிப் பகுதி. அப்பா தேனாம்பேட்டையில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்த்தார். அம்மாவும் அத்தையும் ஆசிரியைகள். அத்தை என்றால் அப்பாவின் அக்கா. கல்யாணம் செய்துகொள்ளாமல் அப்பாவைப் படிக்கவைத்து ஆளாக்கியவர். இவர்களோடு அம்மாவின் தம்பியான என் மாமாவும் இருந்தார். அவர் அரசு வேலைத் தேர்வுகளுக்குப் படித்துக்கொண்டிருந்தார். நான் பிறந்த வருடமும் படித்துக்கொண்டிருந்தாராம். உலகத்தில் எதைக் கேட்டாலும் அவரிடம் பதில் உண்டு. தெரியாது என்ற ஒரு பதிலை மட்டும் அவர் எந்தப் புத்தகத்திலும் படித்திருக்கவில்லை.

அன்று நான் புத்தகப்பையைக் கழற்றாமலே மொட்டைமாடிப் படியில் உட்கார்ந்து அழுதேன். மாமாதான் வந்து விசாரித்தார். நான் சொல்லி முடித்ததும் அவர் சிரிக்கவில்லை. அதற்காகவே அவர் அதன் பிறகு சொன்னதையெல்லாம் நம்பினேன்.

“மேய்ஞ்ச இடம்னு யார் சொன்னது? உங்க டீச்சர் பாதிதான் படிச்சிருக்காங்க,” என்றார்.

மீதிப் பாதியை அவர் அங்கேயே, அந்தப் படியிலேயே, எனக்காகத் தயாரித்தார். கடற்கரை வழியாகப் படையோடு வந்த ஒரு ராஜாவுக்குத் தாகம். எங்கே தோண்டினாலும் உப்புத் தண்ணீர். அப்போது ஒரு மாட்டு மந்தை வரிசையாக எங்கோ போவதைப் பார்த்து ராஜா அதன் பின்னாலேயே நடந்தார். அது போய் நின்ற இடத்தில் நல்ல தண்ணீர்க் குளம். உயிர் பிழைத்த ராஜா அந்த இடத்தை எழுதிக்கொடுத்துவிட்டார். யாருக்கு? கோயிலுக்கு இல்லை, மாதாகோயிலுக்கு இல்லை, மாட்டுக்காரர்களுக்கும் இல்லை. மந்தைக்கே. மந்தைக்கு எழுதிவைத்த வெளி, அதனால் மந்தைவெளி. அங்கே நிற்கிற மாட்டை அந்த இடத்து ஜனங்கள் சம்மதிக்காமல் யாரும் ஓட்டிக்கொண்டு போக முடியாது. ராஜா போட்ட அந்தச் சட்டத்தை அதற்குப் பிறகு வந்த எந்த அரசாங்கமும் எடுக்கவில்லை.

அப்படியானால் நாம் யார் என்று கேட்டேன். மாமா கொஞ்சம் யோசித்தார். நாமெல்லாம் மாடுகளின் வீட்டில் குடித்தனம் இருக்கிறோம் என்றார்.

மறுநாள் பள்ளியில் இதைச் சொன்னேன். எல்லாரும் நம்பினார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் மயில் மயிலாப்பூரை யாரிடமிருந்தாவது எழுதி வாங்கியதா என்று நான் திருப்பிக் கேட்டேன். ‘ம்மா’ மெல்ல மெல்ல நின்றுபோனது. அந்த வாரம் மாதாகோயிலில் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் சாமியார் பிரசங்கம் செய்யும்போது நம் பங்கு மக்கள் எல்லாரும் ஒரே மந்தை என்றார். பெஞ்சில் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். வெளியே வந்ததும் மாமா என் காதில், பிஷப்புக்குத் தமிழில் ஆயர் என்றுதானே பெயர், ஆயர் என்றால் யார், மாடு மேய்ப்பவர்தானே என்று முணுமுணுத்தார். எனக்கு அதற்கு மேல் சாட்சி தேவைப்படவில்லை.

இப்போது நான் நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழாக்கும் வேலையில் இருக்கிறேன். ஒரு நாள் வேறு எதற்கோ அகராதியைப் புரட்டியபோது ‘மன்று’ என்ற சொல்லில் கண் நின்றது. மன்றம் என்று நாம் சொல்கிறோமே, அதன் தாய்ச்சொல். சபை, நியாயம் கேட்கும் இடம் என்ற பொருள்களோடு, மாட்டுத்தொழுவம் என்றும் பசுக்கூட்டம் என்றும் போட்டிருந்தது. நீலகிரியில் தோடர்கள் எருமைகளோடு வாழும் குடியிருப்புக்கு மந்து என்று பெயர். மந்தை என்பதும் வெறும் மாட்டுக்கூட்டம் அல்ல. மாடுகள் வந்து நிற்கிற ஊர்ப்பொது இடத்துக்கும் அதுவே பெயர். மதுரைப் பக்கத்துக் கிராமங்களில் இன்றைக்கும் ஊர்க்கூட்டம் மந்தையில் கூடுகிறது. இவையெல்லாம் ஒரே வேரா, எதிலிருந்து எது வந்தது என்பதைச் சொல் ஆராய்ச்சிக்காரர்கள்தான் சொல்ல வேண்டும். மாடு நிற்க ஓர் இடம் இருந்தது, பிறகு மனிதர்களும் அங்கேயே வந்து நின்று தங்கள் வழக்கைப் பேசிக்கொண்டார்கள் என்று நான் எனக்குள் ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். மாமாவின் பொய், அவருக்கே தெரியாமல், உண்மையை லேசாக உரசிக்கொண்டு போயிருக்கிறது.

அந்த வயதில் எனக்குத் தெரிந்த மந்தை என்பது மூன்று பசுக்களும் ஒரு கன்றும்தான். கால்வாய்க் கரைக் குடிசைகளில் ஒன்றில் இருந்த பால்காரக்காவின் மாடுகள். அக்காவுக்கு என் அம்மா வயதுதான் இருக்கும். வீட்டுக்காரர் இல்லை. விடியற்காலையில் கறந்து, நாலு தெருவுக்குப் பால் ஊற்றிவிட்டு, மாடுகளை அவிழ்த்துவிட்டுவிடுவார். அவை தாமாகப் போய் மார்க்கெட்டில் முட்டைக்கோஸ் இலையும் சுவரில் சினிமா போஸ்டரும் தின்றுவிட்டு, சாயங்காலம் கறக்கிற நேரத்துக்குத் தாமாக வந்து நிற்கும். அவற்றில் செந்நிறப் பசு ஒன்று; கன்று அதனுடையது. அதற்கு அக்கா செவ்வந்தி என்று பெயர் வைத்திருந்தார். பள்ளியிலிருந்து வரும் வழியில் அது எதிர்ப்பட்டால், மிச்சம் வைத்த வாழைப்பழத்தைத் தோலோடு கொடுப்பேன். சட்டம் தெரிந்த பிறகு, கொடுக்கும்போது, வீட்டுச் சொந்தக்காரரிடம் ஒரு குடித்தனக்காரி காட்டும் மரியாதையும் சேர்ந்துகொண்டது.

அந்தச் செவ்வந்திதான் அத்தையைத் தள்ளிவிட்டது. அத்தை மார்க்கெட்டிலிருந்து பையில் கீரைக்கட்டுகளோடு வந்தார். செவ்வந்தி பின்னாலிருந்து கீரையை இழுத்தது. அத்தை பையை விடவில்லை. மாடு தலையை ஓர் உலுக்கு உலுக்கியதில் அத்தை நடைபாதையில் விழுந்து, வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. மாவுக்கட்டோடு வீட்டுக்கு வந்தவர், அது என்னை எங்கே பார்த்தது, கீரையைத்தான் பார்த்தது என்று சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. இதை இப்படியே விடக் கூடாது என்றார். அத்தை அவரைக் கண்டித்தார். அந்தப் பெண் ஒண்டியாக அதை வைத்துத்தான் பிழைக்கிறாள், நீ எதுவும் செய்யக் கூடாது என்று சொல்லிவிட்டார். அத்தை சொன்னால் எங்கள் வீட்டில் மறுபேச்சு கிடையாது. அப்பா எழுந்து போய் ஜன்னல் பக்கம் நின்றுகொண்டார். அதன் பிறகு சில நாட்கள் அம்மா அத்தைக்குத் தலை வாரிவிடுவதையும், பேனா பிடிக்க முடியாமல் அவர் திருத்த வேண்டிய தாள்களை இடது கையால் புரட்டுவதையும் அப்பா பார்த்துக்கொண்டே காபி குடிப்பார்.

ஒரு நாள் சாயங்காலம் பள்ளி விட்டு வரும்போது எங்கள் தெருமுனையில் மாநகராட்சி லாரி நின்றிருந்தது. பின்கதவை இறக்கிப் பலகை போட்டிருந்தார்கள். செவ்வந்தியின் கொம்பில் கயிறு விழுந்திருந்தது. நாலைந்து பேர் முன்னால் இழுக்க, அது முன்னங்கால்களை ஊன்றி, கழுத்தை நீட்டி, வராமல் நின்றது. பால்காரக்கா ஈரக் கையோடு ஓடிவந்து அதிகாரியின் முன்னால் நின்றார்.

“கன்னு பசியா கீது சார். காத்தால ஊட்டுனதோட சரி. அதுக்கு பாலு குடுத்துட்டு இட்டுனு போங்க, நான் இன்னா சொல்லப் போறேன்?” என்று கெஞ்சினார்.

அதிகாரி கெட்டவர் இல்லை. வெயிலில் நாள் முழுக்க இதே வேலையைச் செய்த களைப்பு அவர் முகத்தில் இருந்தது. எல்லாரும் இதையேதான் சொல்கிறார்கள், நான் என்னம்மா செய்யட்டும் என்றார். இழுக்கிறவர்களைப் பார்த்துத் தலையசைத்தார்.

எனக்கு அந்த நேரத்தில் பயம் தோன்றவில்லை. இவர்களுக்குச் சட்டம் தெரியவில்லை, தெரிந்தால் விட்டுவிடுவார்கள் என்றுதான் தோன்றியது. கூட்டத்துக்குள் நுழைந்துபோய், செவ்வந்தியின் கழுத்தை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டேன். பேச்சுப்போட்டியில் பேசுகிற குரலில் சொன்னேன்:

“இது மந்தைவெளி. இங்க நிக்கிற மாட்டை நாங்க சம்மதிக்காம யாரும் பிடிக்கக் கூடாது. ராஜா எழுதிக் குடுத்திருக்கார்.”

கயிறு பிடித்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அதிகாரியும் புன்னகைத்து, எந்த ராஜா என்று கேட்டார். நான் கூட்டத்தில் மாமாவைத் தேடினேன். சத்தம் கேட்டு அவர் லுங்கியோடு, படித்துக்கொண்டிருந்த புத்தகத்தில் விரலை நுழைத்தபடி இறங்கி வந்திருந்தார். மாமாவைக் கேளுங்கள் என்று கையைக் காட்டினேன். தெரு முழுக்க அவரைத் திரும்பிப் பார்த்தது. மாமா தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“அது கொஞ்சம் பழைய சட்டம் சார்,” என்றார்.

அதற்குள் பஸ் நிலையத்துப் பக்கமிருந்து ஆட்கள் வந்து சேர்ந்திருந்தார்கள். லாரிக்குப் பின்னால் வண்டிகள் நின்று ஹாரன் அடித்தன. முனையில் நிற்கிற ஆட்டோக்காரர் ஒருவர் விஷயத்தைக் கேட்டுக்கொண்டு, என் பக்கம் வக்கீலாக நின்றார்.

“பாப்பா சொல்றது கரெக்ட்டுதான் சார். பேர்லயே மாடு கீது. மாட்ட ஏத்தணும்னா மொதல்ல ஊரு பேர மாத்திகினு வாங்க.”

எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்போடு சிரிப்பாகக் கூட்டம் லாரியைச் சுற்றி இறுகியது. பூக்காரம்மா, மாடு இல்லாவிட்டால் வெள்ளிக்கிழமைப் பூஜைக்குப் பால் எங்கே என்று கேட்டார். எதிர் ஃபிளாட்டிலிருந்து ஒரு பெரியவர், போன வாரம் ஒரு டீச்சரம்மா விழுந்து கையை உடைத்துக்கொண்டாரே, அதற்கு என்ன சொல்கிறீர்கள் என்றார். அவருக்கு ஆதரவாகவும் சிலர் பேசினார்கள். ரோட்டில் சாணி, ராத்திரி வண்டி ஓட்ட முடியவில்லை, கட்டிப்போட்டு வளர்க்க வேண்டியதுதானே என்றார்கள். கட்டிப்போட இடம் எங்கே இருக்கிறது என்று ஆட்டோக்காரர் திருப்பிக் கேட்டார். அங்கேயே ஒரு வழக்கு நடந்தது. வாதி, பிரதிவாதி, வேடிக்கை பார்ப்பவர் எல்லாரும் இருந்தார்கள். நடுவில் நானும் செவ்வந்தியும். அதன் மூச்சு என் தோளில் சுடச்சுட வந்து விழுந்தது.

நாங்கள் ஜெயித்துக்கொண்டிருந்தோம். இழுப்பவர்கள் கயிற்றைத் தளர்த்திவிட்டார்கள். அதிகாரிக்கு முகம் மாறியது. நானாகவா வந்தேன் என்று குரலை உயர்த்தினார். புகார் வந்ததால்தான் வந்திருக்கிறோம், கொடுத்தவர் வெளியாள் இல்லை, இந்தத் தெருக்காரர்தான் என்றார்.

கூட்டத்தின் சிரிப்பு அந்த இடத்தில் நின்றது. யார் அது, பேரைச் சொல்லு சார் என்று ஒருவர் கேட்டார். சொல்லு, சொல்லு என்று பின்னாலிருந்து குரல்கள் வந்தன. அதுவரை மாட்டுக்காகப் பேசியவர்கள் மட்டுமல்ல, மாட்டுக்கு எதிராகப் பேசியவர்களும் கேட்டார்கள். சற்று முன்னால் அது ஒரு சபையாக இருந்தது. இப்போது வேறொன்றாக ஆகிக்கொண்டிருந்தது. இளவட்டப் பையன்கள் சிலர் லாரியின் பக்கவாட்டைத் தட்ட ஆரம்பித்தார்கள். அதிகாரி தயங்கினார். பிறகு, சொல்லட்டுமா என்று கேட்டார்.

அப்போதுதான் நான் அப்பாவைப் பார்த்தேன். அலுவலகத்திலிருந்து வந்தவர், சாப்பாட்டுப் பையோடு டீக்கடை ஓரம் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது. அவர் முகம் வெளுத்திருந்தது. என்னைப் பார்த்தார். பையைக் கை மாற்றிக்கொண்டு, கூட்டத்தை விலக்கி ஓரடி முன்னால் வைத்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். அப்பா எனக்காகப் பேச வருகிறார்.

“அப்பா, நீங்க சொல்லுங்கப்பா,” என்று கத்தினேன்.

பால்காரக்கா திரும்பிப் பார்த்தார். அப்பாவைப் பார்த்தார். ஒரு கணம்தான். பிறகு, மாட்டின் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்த என்னைப் பார்த்தார். அந்த இரண்டு பார்வையும் எனக்கு இன்றைக்கும் அப்படியே நினைவிருக்கிறது.

அவர் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, இழுப்பவர்களின் கையிலிருந்து கயிற்றை வாங்கினார்.

“பேரு இன்னாத்துக்கு சார்? மாடு என்னுது. அவுத்து வுட்டது நானு. ஏத்திக்கோங்க,” என்றார்.

ஆட்டோக்காரர், இன்னாக்கா நீ, நாங்க பேசிகினு இருக்கும்போது என்று ஆரம்பித்தார். அக்கா அவரைப் பார்க்கவே இல்லை. என் பக்கம் குனிந்து, செவ்வந்தியின் கழுத்தைச் சுற்றியிருந்த என் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்தார். நான் விட மாட்டேன் என்றேன். சட்டம் இருக்கிறது அக்கா, நாம்தான் ஜெயிக்கிறோம் என்று அழுதேன்.

“சட்டம் இருக்கட்டும் பாப்பா. அது சும்மா ஊரு பாக்கப் போவுது, வந்துரும். உங்க நைனா வந்துகீறாரு பாரு. வூட்டுக்குப் போ.”

அவர் நாக்கால் ஒரு சத்தம் கொடுத்தார். அத்தனை பேர் இழுத்தும் வராத செவ்வந்தி, அவர் பின்னாலேயே பலகையில் ஏறியது. லாரி கிளம்பிப் போனது. கூட்டம் ஏமாந்த முகத்தோடு கலைந்தது. புகார் கொடுத்தவர் யார் என்று யாரும் மறுபடி கேட்கவில்லை. மாட்டுக்காரியே விட்ட பிறகு கேட்டு என்ன ஆகப்போகிறது?

அப்பா என்னைத் தூக்கிக்கொண்டு படியேறினார். ஒன்பது வயதுப் பெண்ணை யாரும் தூக்குவதில்லை. அவர் அன்று தூக்கினார்.

எனக்குப் பால்காரக்கா மேல் ஆத்திரமாக இருந்தது. ஜெயிக்கிற வழக்கை யாராவது கைவிடுவார்களா? ராஜாவே கொடுத்த உரிமையைக் காப்பாற்றத் தெரியாதவருக்கு மாடு எதற்கு என்றுகூட நினைத்தேன். அவர் எதிரே வந்தால் தெருவின் மறுபக்கம் போனேன். அவர் வழக்கம்போல், இன்னா பாப்பா, சாப்ட்டியா என்று கேட்டுக்கொண்டுதான் போனார். நான் நடையை எட்டிப் போட்டேன்.

செவ்வந்தி திரும்பி வந்தது. அபராதம் கட்டி, நகரத்தின் அந்தக் கோடியில் இருந்த மாட்டுப்பட்டியிலிருந்து அக்கா அதை மீட்டு வந்தபோது, விலா எலும்பு தெரிய இளைத்திருந்தது. முதுகில் பச்சைப் பெயின்டில் ஓர் எண் எழுதியிருந்தார்கள். அதற்குப் பிறகு அக்கா மாடுகளை அவிழ்த்துவிடவில்லை. குடிசைக்கும் கால்வாய்ச் சுவருக்கும் நடுவே இருந்த சந்தில் கட்டிப்போட்டு வளர்த்தார். சில வருடங்களில் கரையோரக் குடிசைகளை எடுத்தார்கள். அக்காவுக்கு நகரத்துக்கு வெளியே பெரும்பாக்கத்தில், அரசு அடுக்குமாடிக் குடியிருப்பின் ஐந்தாவது மாடியில் வீடு கிடைத்தது. ஐந்தாவது மாடிக்கு மாடு ஏறாது. மூன்றையும் விற்றுவிட்டுப் போனார். இன்று மந்தைவெளியில் மந்தை என்று ஒன்று இருக்கிறதென்றால் அது ரயில் வந்து நின்றதும் படியிறங்கும் நாங்கள்தான்.

உண்மையை எனக்குச் சொன்னவர் மாமா. என் கல்யாணத்துக்கு முந்தின நாள், பந்தல் வேலையை மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தவர், பேச்சோடு பேச்சாக அந்த லாரியை நினைவூட்டிச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, உனக்குத் தெரியவே தெரியாதா என்று கேட்டார். அத்தைக்குத் தெரியாமல் அலுவலகத்திலிருந்து ஃபோன் செய்து புகார் கொடுத்தது அப்பாதான். அத்தை தலை வாரிக்கொள்ள முடியாமல் சீப்பைக் கீழே வைத்த ஒரு காலையில் செய்தாராம். அன்று கூட்டத்துக்குள் அவர் ஓரடி எடுத்து வைத்தது, நான்தான் என்று ஒப்புக்கொள்ள; அன்றிரவே அப்பா அதை மாமாவிடம் சொன்னாராம். பால்காரக்காவுக்கு அவர் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அக்கா பிற்பாடு மாமாவிடம் சொல்லியிருக்கிறார். அந்தக் குட்டி அப்பன் மேல அம்மாம் நம்பிக்கையா நிக்குது, அது முன்னாடி அந்த மனுசன் பேர ஏன் இழுக்கணும், மாடு போனா வரும் என்றாராம். எதையும் வயிற்றில் வைத்துக்கொள்ளத் தெரியாத மாமா, இதை மட்டும் அத்தை கண்மூடும்வரை யாரிடமும் சொல்லவில்லை. எனக்கு அவர் சொல்லிக்கொடுத்த எத்தனையோ விஷயங்களில் இது ஒன்றுதான் அவர் கற்பனை செய்யாதது.

நான் அப்பாவிடம் இதுவரை கேட்கவில்லை. கேட்க ஒன்றுமில்லை.

ஆனால் செவ்வந்தி பட்டியில் இருந்த அந்த நாட்கள் இப்போது வேறு மாதிரி நினைவுக்கு வருகின்றன. மற்ற இரண்டு மாடுகளின் பால் வாடிக்கைக்கே சரியாக இருந்தது; கன்று விடாமல் கத்தியது. எங்கள் சமையலறை ஜன்னல் வரை கேட்கும். லாரி வந்த மறுநாள் காலை, கடையில் வாங்கி வைத்திருந்த பால் பாக்கெட்டுகளை அப்பா ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துக்கொண்டு கிளம்பினார். காபிக்கு என்ன செய்ய என்று அம்மா கேட்பதற்குள் படியிறங்கிவிட்டார். அதற்கு முன்னால் அவர் அந்தக் குடிசைப் பக்கம் போய் நான் பார்த்ததில்லை. நானும் கூடவே ஓடினேன். மாடு திரும்பும்வரை தினமும் போனோம். வீட்டில் எல்லாரும் பால் இல்லாத வரக்காப்பி குடித்தார்கள்.

அப்பா வாசலில் நின்று பாக்கெட்டை நீட்டுவார். அக்கா வாங்கிக்கொள்வார். அக்கா பாலைப் பாட்டிலில் ஊற்றிக் கன்றுக்குப் புகட்டுவார். அது பாட்டிலை முட்டி முட்டிக் குடிக்கும். கடைசிச் சொட்டு வரைக்கும் அப்பா அங்கேயே நிற்பார்.

நான் அக்காவோடு பேசாமல், அப்பாவின் கையை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்பேன். எனக்குப் பெருமையாக இருந்தது. என் பேச்சைக் கேட்டு அப்பாவும் என் கட்சிக்கு வந்துவிட்டார், ராஜா போட்ட சட்டத்தை ஒப்புக்கொண்டுவிட்டார் என்று நினைத்தேன். கன்று குடித்து முடிக்கும்வரை அவர் தலை நிமிரவே இல்லை. கன்றைத்தான் அவ்வளவு ஆசையாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தேன்.